எடைமேடை சர்வரின் வாக்குமூலம்

சர்வர் டவுன்னா சொன்னாங்க? அப்ப அவசரப்படாதீங்க சார், இப்படி ஃபேன் கீழ வந்து உக்காருங்க. உங்க டோக்கன் எத்தனை? நாப்பத்தொண்ணா? நான் முப்பத்தெட்டு. பத்திர ஆபீஸ்ல முப்பத்தெட்டுன்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான், நாப்பத்தொண்ணுன்னா டீ நேரம். பரவால்ல, பேசிக்கிட்டிருப்போம்.

வேற ஆளா இருந்தா இந்நேரம் கவுண்டர்ல போய்ச் சத்தம் போட்டிருப்பாங்க. நான் போட மாட்டேன். நானே சர்வர் ஆளுதான். கரும்பு ஆலையில சிஸ்டம் ஆபீசர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், தில்லைநாயகம்னு பேரு. அதோ அந்தப் பையனைப் பாருங்க, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றான். திரும்பத் திரும்ப அதையே பண்றான். ஏன் விழுந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல சார். எழுந்தா சரின்னு விட்டுடறாங்க. நான் அப்படி இல்ல. நான் காரணம் கேக்கற ஆளு.

போன வருஷ அரவைப் பருவத்துல இதே மாதிரி ஒரு சர்வர் என்னைப் படுத்தின பாடு இருக்கே! சொல்றேன் கேளுங்க. அவசரம் ஒண்ணும் இல்லையே?

எங்க ஆலையில கரும்பு உள்ள வரணும்னா எடைமேடை மேல ஏறித்தான் வரணும். டிராக்டர், லாரி, மாட்டு வண்டி, எதுவா இருந்தாலும் சரி. லோடோட ஒரு எடை, கொட்டிட்டுப் போறப்ப காலி எடை. ரெண்டையும் கழிச்சாத்தான் விவசாயிக்குச் சீட்டு. அந்த எடைமேடையை ஓட்டறது ஒரே ஒரு சர்வர். அது என் சர்வர். எடைமேடைக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம், ஏசி போட்டு, செருப்பைக்கூட வெளிய விட்டுட்டுத்தான் வரணும்னு எழுதி ஒட்டியிருப்பேன்.

பொங்கல் முடிஞ்சு நாலாம் நாள், பகல் ரெண்டரை மணி. எடைமேடை கிளார்க் கலியமூர்த்தி ஓடி வர்றான். "சார், சர்வர் தானா விழுந்து தானா எழுந்துக்கிச்சு!" விழுந்து எழுந்தா என்ன போச்சுன்னு கேப்பீங்க. விழுந்த நேரத்துல யார்டுல நாப்பது வண்டி நிக்குது சார். லோடு எடை போட்டவன் யாரு, போடாதவன் யாருன்னு தெரியாது. எல்லாத்தையும் பின்னால எடுக்கச் சொல்லித் திரும்ப ஏத்தணும். ஒண்ணரை மணி நேரம் ஆகும். வெட்டின கரும்பு வெயில்ல நிக்க நிக்க எடை குறையும். விவசாயி சும்மா இருப்பானா? கலியமூர்த்தியோட அம்மா, அக்கா எல்லாரையும் விசாரிச்சிட்டாங்க.

ஒரு தடவைன்னா விட்டுடலாம். பத்து நாள் கழிச்சு மறுபடி. அப்புறம் ஒரு வாரத்துல மறுபடி. எப்பவும் பகல்ல, எப்பவும் யார்டு நிறைஞ்சிருக்கற நேரம்.

நான் உடனே சென்னையில இருக்கற சப்போர்ட் கம்பெனிக்குப் போன் பண்ணேன். அங்க ஒரு பையன், பேரு நிஷாந்த், எது சொன்னாலும் "டம்ப் அனுப்புங்க சார்"னு சொல்வான். டம்ப்னா என்னன்னு உங்களுக்குத் தெரியணும். சர்வருக்குள்ள கர்னல்னு ஒண்ணு இருக்கு. எல்லாத்துக்கும் அடியில இருக்கற ப்ரோகிராம், அதுதான் உயிர். அது விழுந்தா சும்மா விழாது. விழற நேரத்துல மெமரியில என்னென்ன இருந்துச்சோ எல்லாத்தையும் ஒரு ஃபைலா எழுதி வெச்சிட்டு, அப்புறம்தான் சர்வர் திரும்ப எழுந்திருக்கும். அந்த ஃபைலுக்குத்தான் டம்ப்னு பேரு. மரண வாக்குமூலம்னு வெச்சுக்குங்களேன். அதைப் படிச்சா யார் குத்தினாங்கன்னு தெரிஞ்சிடும்.

நான் போய்ப் பாத்தேன். டம்ப் இருக்க வேண்டிய ஃபோல்டர் காலி. ஒரு தூசி இல்ல. நிஷாந்த்கிட்ட சொன்னேன். "டம்ப் இல்லையா? அப்ப கர்னல் விழல சார். கரண்ட் போயிருக்கும். கரண்ட் போனா டம்ப் எழுத நேரம் இருக்காது"ன்னான்.

சரியாத்தான சொல்றான்? உங்களுக்கும் சரின்னுதான படுது? எனக்கும் பட்டுச்சு. அப்படியே ஜி.எம்.முக்கு ரிப்போர்ட் எழுதிட்டேன். ஒண்ணு கவனிங்க, நான் யார் பேரையும் எழுதல. 'மின் பிரிவின் கவனக்குறைவு காரணமாக இருக்கலாம்'னுதான் எழுதினேன். 'இருக்கலாம்'. எடைமேடை பக்கம் பகல் ஷிஃப்ட்ல மின் பிரிவுன்னா ஜெசிந்தாம்மா ஒருத்தர்தான். அது என் தப்பா சார்?

ஜெசிந்தாம்மா எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். ஐ.டி.ஐ. படிச்சிட்டு வந்தவங்க, பதினெட்டு வருஷமா இருக்காங்க. நீலச் சட்டை, பாக்கெட்ல டெஸ்டர், தலைமுடியை இறுக்கி முடிஞ்சிருப்பாங்க. சத்தம் போட்டுப் பேச மாட்டாங்க. ஆனா ஒரு சிரிப்பு வெச்சிருப்பாங்க பாருங்க, அந்தச் சிரிப்புக்கு முன்னாடி நம்ம படிப்பெல்லாம் கொஞ்சம் கூச்சப்படும்.

மூணாவது தடவை விழுந்ததும் அவங்களுக்கு மெமோ போயிடுச்சு. மெமோவோட நேரா என் ரூமுக்கு வந்தாங்க. வாசல்லயே செருப்பை விட்டாங்க.

"கரண்ட் போகல சார்."

"போகாம எப்படிம்மா சர்வர் விழும்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா கரண்ட் போகல. யு.பி.எஸ். கத்தல, ரூம் லைட் அணையல, உங்க ஏசிகூட நிக்கல."

"சர்வருக்குப் போற அந்த ஒரு பாயிண்ட்ல மட்டும் ஒரு கணம் போயிருக்கும்."

"ஒரு கணமா?"ன்னு கேட்டுட்டு அந்தச் சிரிப்பு சிரிச்சாங்க. மறுநாள் ஒரு பொருளைக் கொண்டு வந்து சர்வருக்குப் பின்னாடி, அதே பிளக் போர்டுல சொருகிட்டாங்க. என்ன பொருள் தெரியுமா? சிவப்பு நம்பர் எரியற பழைய டிஜிட்டல் கடிகாரம். அவங்க வீட்டுல இருந்தது. ஒரு கணம் கரண்ட் போனாலும் அது பன்னெண்டு மணின்னு காட்டி மின்ன ஆரம்பிச்சிடும். என் சர்வர் ரூம்ல, சார்! செருப்புகூட உள்ள வராத ரூம்ல ஒரு அலாரம் கடிகாரம். நான் எதிர்ப்பு தெரிவிச்சேன். எழுத்து மூலமா இல்ல, வாயால.

நாலாவது தடவை விழுந்தப்ப எல்லாரும் கடிகாரத்தைப் போய்ப் பாத்தாங்க. ரெண்டு நாப்பத்தேழு. சரியான நேரம். மின்னல. அஞ்சாவது தடவையும் அப்படித்தான். நான் என்ன சொன்னேன்னா, கடிகாரம் முரட்டுப் பொருள், சர்வர் நுணுக்கமான பொருள், ஒரே அடியை ரெண்டும் ஒரே மாதிரி தாங்காதுன்னேன். அறிவியல்பூர்வமாத்தான் சொன்னேன். ஜெசிந்தாம்மா எல்லார் முன்னாடியும் "அப்ப என் கடிகாரத்தையே சர்வரா வெச்சுக்கலாமே சார்"னாங்க. கலியமூர்த்தி பல்லைக் காட்டிச் சிரிக்கறான். நான் அவனை ஒண்ணும் சொல்லல. பெரிய மனுஷத்தனமா விட்டுட்டேன்.

ஆறாவது தடவை விழுந்தது மார்ச் முதல் வாரம். அன்னைக்கு விவசாயிங்க ஆலை கேட்டுல டிராக்டரைக் குறுக்க நிறுத்திட்டாங்க. போலீஸ் வந்துச்சு. எங்க ஜி.எம். கோபாலரத்தினம் தங்கமான மனுஷன், ஆனா கேட்டுக்கு வெளிய சத்தம் கேட்டா அவருக்கு உள்ள ஒரு ஆள் வேணும், கை காட்டறதுக்கு. ஜெசிந்தாம்மாவுக்கு ரெண்டாவது மெமோ போச்சு. ஏன் உங்களைப் பணியிடை நீக்கம் செய்யக்கூடாது, பதினஞ்சு நாளில் விளக்கம் அளிக்கவும்.

அன்னைக்குச் சாயங்காலம் மறுபடி வந்தாங்க. சண்டைக்கு வர்றாங்கன்னு நினைச்சு நான் ஃபைலைத் திறந்து வெச்சுக்கிட்டேன். சண்டை போடல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"சார், டம்ப் இல்லைங்கறதுதான என் மேல குத்தம்?"

"அப்படி நேரடியா சொல்ல முடியாது..."

"அதுதான் சார். டம்ப் இருந்தா சர்வர் மேல தப்பு, இல்லைன்னா என் மேல தப்பு. அப்ப அது ஏன் இல்லைன்னு பாருங்களேன்."

"இல்லாத பொருளை எப்படிம்மா தேடறது?"

"நான் தினம் அதைத்தான சார் தேடறேன்? லைன்ல கரண்ட் இல்லைன்னா எது வரைக்கும் இருக்கு, எங்கேருந்து இல்லைன்னு பாத்துக்கிட்டே போவேன். நடுவுல மாட்டிக்கும்."

அப்புறம் கையில கொண்டு வந்திருந்த ஒரு நோட்டைப் பிரிச்சாங்க. ஒவ்வொரு தடவை விழுந்த நேரம், எழுந்த நேரம், எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க சார்.

"நீங்க சும்மா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மூணு நிமிஷத்துல வந்துடுது. தானா விழுந்தா ஒவ்வொரு தடவையும் ஒம்போது நிமிஷம் ஆகுது. நடுவுல ஆறு நிமிஷம் அது என்ன சார் பண்ணுது?"

"யோசிக்கும்"னேன்.

சிரிக்காதீங்க. அப்ப வேற என்ன சொல்றது? ஆனா அன்னைக்கு வீட்டுக்குப் போயும் எனக்கு அந்த ஆறு நிமிஷம்தான். சாப்பிடறப்ப என் வீட்டுக்காரி "ரசம் வேணுமா"ன்னு கேக்கறா, நான் "ஆறு நிமிஷம்"ங்கறேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஆலையில கிளீனிங் நாள். அரவையை நிறுத்தி, மெஷின் எல்லாம் கழுவுவாங்க. யார்டுல ஒரு வண்டி இருக்காது. அன்னைக்குக் காலையில நான்தான் ஜெசிந்தாம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அதை நீங்க குறிச்சுக்கணும். நான்தான் கூப்பிட்டேன்.

அவங்க சொன்ன மாதிரியே எது வரைக்கும் இருக்குன்னு பாத்துக்கிட்டே போனோம். டம்ப் எழுதறதுக்குன்னு மெமரியில கொஞ்சம் இடம் ஒதுக்கி வெக்கணும், அது இருக்கா? இருக்கு. அந்த வேலையைச் செய்யற சர்வீஸ் ஓடுதா? ஓடுது. எழுதறதுக்கு டிஸ்க்ல இடம் இருக்கா? தாராளமா இருக்கு. டிஸ்க்ல எப்பவும் என்கிட்ட இடம் இருக்கும் சார், அதுக்குக் காரணம் அப்புறம் சொல்றேன்.

"எல்லாம் இருக்கே சார். அப்ப விழ வெச்சுப் பாத்துடலாமா?"ன்னாங்க.

வேணும்னே கர்னலை விழ வெக்கறதுக்கு ஒரு கமாண்ட் இருக்கு. அடிச்சிட்டேன். ஆனா என்டர் தட்டணுமே, கை போக மாட்டேங்குது. இருபத்திரண்டு வருஷமா விழாம பாத்துக்கற ஆளு சார் நான். நானே கழுத்தை நெரிக்கறதா?

"பிரேக்கரை இறக்கற மாதிரிதான சார். கண்ணை மூடிக்கிட்டு இறக்குங்க."

தட்டினேன். திரையில சரசரன்னு எழுத்து ஓடி அப்படியே நின்னுச்சு. அப்புறம் கறுப்புத் திரையில வெள்ளை எழுத்துல ஒரு வரி வந்துச்சு, டம்ப் எழுதிக்கிட்டிருக்கேன்னு. பக்கத்துல பர்சென்ட். பத்து, இருபது... ஜெசிந்தாம்மா ஸ்டூல்லேருந்து எழுந்து வந்து திரைக்கிட்ட முகத்தை வெச்சுக்கிட்டு ஏலம் விடற மாதிரி படிக்கறாங்க. "எழுபது... எண்பத்தஞ்சு... நூறு! நூறு சார்! எழுதிடுச்சு!" அப்புறம் சர்வர் தானா எழுந்துச்சு. அவங்க கடிகாரத்தைப் பாத்து "ஒம்போது நிமிஷம்"னாங்க. அந்த ஆறு நிமிஷம் அது யோசிக்கல சார், எழுதிக்கிட்டிருந்திருக்கு.

நான் ஃபோல்டரைத் திறந்தேன்.

காலி.

கண்ணு முன்னாடி நூறு பர்சென்ட் எழுதினது எங்க போகும்? அவங்க என்னைப் பாக்கறாங்க, நான் திரையைப் பாக்கறேன். அப்பதான் என் போன் 'டிங்'குன்னுச்சு.

"என்ன சார் அது?"

"ஒண்ணுமில்ல, அது நம்ம சுத்தம்."

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, பருவத்துக்கு நடுவுல டிஸ்க் நிறைஞ்சு பெரிய தொல்லையாப் போச்சு. அப்ப நான் சொந்தமா ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி ப்ரோகிராம், எழுதினேன். 'சுத்தம்'னு பேர் வெச்சேன். சர்வர் ஒவ்வொரு தடவை எழுந்ததும் முதல் வேலையா அது ஓடும். தேவையில்லாம ஒரு ஜிபிக்கு மேல எந்த ஃபைல் கிடந்தாலும் அழிச்சிட்டு, 'சுத்தம் செய்யப்பட்டது'ன்னு எனக்கு ஒரு மெயில் போடும். ஆண்டு விழாவுல அதுக்காக எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. மெயிலை நான் திறக்கறதில்ல. 'டிங்'குன்னு வந்தா சரி, பிள்ளை வேலை செய்யுதுன்னு ஒரு நிம்மதி.

"என்னத்தைச் சார் சுத்தம் பண்ணிச்சு?"ன்னாங்க ஜெசிந்தாம்மா.

திறந்தேன். 'அழிக்கப்பட்ட கோப்புகள்: ஒன்று. அளவு: நாலு ஜிபி.' கீழ பேரு போட்டிருந்துச்சு. டம்ப் ஃபைல் பேரு.

பழைய மெயிலை எல்லாம் கீழ தள்ளிக்கிட்டே போனேன். ஜெசிந்தாம்மா நோட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு தேதி சொல்றாங்க, நான் மெயிலைக் காட்டறேன். ஆறு தடவை விழுந்திருக்கு, ஆறு மெயில், ஆறுலயும் நாலு நாலு ஜிபி. ஒவ்வொரு தடவையும் சர்வர் ஒழுங்கா வாக்குமூலம் எழுதி வெச்சிருக்கு சார். எழுந்த உடனே என் ஸ்கிரிப்ட் அதைக் கூட்டித் தள்ளியிருக்கு.

நான் இன்னைக்கும் சொல்றேன், ஸ்கிரிப்ட் மேல ஒரு தப்பும் கிடையாது. சொன்னதைச் செஞ்சது. எத்தனை நேர்த்தி பாருங்க, ஒண்ணைக்கூட விடல!

இதை ஜெசிந்தாம்மாகிட்டயும் சொன்னேன். அவங்க, "ஆமா சார். என்னையும் சேத்துக் கூட்டியிருக்கும், நல்லவேளை நான் ஒரு ஜிபி வரல"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா நோட்டை மூடிட்டுச் சட்டுனு திரும்பி, கடிகாரத்தோட வயரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் ஆச்சு நிமிர.

"ஜெசிந்தாம்மா, இதை ஜி.எம்.கிட்ட..."

"நீங்களே சொல்லுங்க சார். நான் போய்ச் சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னு சொல்வாங்க. நீங்க சொன்னா ரிப்போர்ட்."

நியாயமான பேச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, கர்னல்தான் விழுதுன்னு தெரிஞ்சிடுச்சு. ஏன் விழுதுன்னு தெரியலையே? ஸ்கிரிப்டைத் திருத்தி டம்ப் ஃபோல்டரைத் தொடாதேன்னு சொல்லிட்டேன். இனிமே தானா ஒரு தடவை விழட்டும், டம்பை எடுத்துச் சென்னைக்கு அனுப்பி, காரணம் கண்டுபிடிச்சு, முழு ரிப்போர்ட்டா குடுக்கலாம்னு முடிவு பண்ணேன். அரைகுறையா குடுக்கறது என் பழக்கம் இல்ல. என்ன சார், ஏன் அப்படிப் பாக்கறீங்க? பதினஞ்சு நாள்ல ரெண்டு நாள்தான போயிருக்கு?

அந்தச் சர்வர் இருக்கே, ஒண்ணரை மாசமா என்னைப் பாடாப் படுத்தினது, அன்னையிலேருந்து விழவே மாட்டேங்குது! மூணு நாள் ஆச்சு, அஞ்சு நாள் ஆச்சு. ஏசிக் காத்துல ஜம்முன்னு உக்காந்திருக்கு. நான் தினம் சாமி ரூம்ல நின்னு விழணும் விழணும்னு வேண்டிக்கறேன். ஜெசிந்தாம்மா மத்தியானம் சாப்பிட்டுட்டு அந்தப் பக்கம் வருவாங்க. வாசல்ல நின்னுக்கிட்டு, "இன்னைக்கு விழுந்துச்சா சார்?"

"இல்லம்மா."

"ஜி.எம்.கிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"முழுசா சொல்லணும்ல?"

"சரி சார்"னு போயிடுவாங்க. ஒம்போதாம் நாள் வந்தப்ப, "உங்களுக்கு வேணும்னா ஒரு தடவை நெஜமாவே கரண்டைப் புடுங்கி விடட்டுமா சார்?"னு கேட்டாங்க. அன்னைக்குச் சிரிப்பு இல்ல. பையன் பன்னெண்டாவது பரிச்சை எழுதறானாம், மெமோ விஷயம் அவனுக்குத் தெரியாம வெச்சிருக்காங்களாம். பின்னால கலியமூர்த்தி சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஏதாவது... சரி விடுங்க.

மெமோவுலேருந்து பதிமூணாம் நாள். ரெண்டு அம்பது. கலியமூர்த்தி அலறிக்கிட்டு வர்றான், "விழுந்துடுச்சு சார்!" நான் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு ஓடறேன். அந்தப் பக்கத்துலேருந்து ஜெசிந்தாம்மா ஓடி வர்றாங்க. ரெண்டு பேரும் திரை முன்னாடி நிக்கறோம். எழுபது, எண்பது, நூறு. எழுந்துச்சு. ஃபோல்டரைத் திறந்தா, இருக்கு சார்! நாலு ஜிபி! நான் கை தட்டிட்டேன். அந்தம்மாவும் தட்டினாங்க. வெளிய முப்பது டிராக்டர்காரன் கத்தறான், உள்ள நாங்க கை தட்டறோம். கலியமூர்த்தி எங்க ரெண்டு பேரையும் பாத்த பார்வை இன்னும் கண்ணுல நிக்குது.

டம்பைச் சென்னைக்கு அனுப்பினேன். மறுநாளே நிஷாந்த் கூப்பிட்டான். நெட்வொர்க் கார்டை ஓட்டற டிரைவர்னு ஒரு ப்ரோகிராம், அதுல கோளாறாம். நிறைய வண்டி ஒரே நேரத்துல வந்து தகவல் குவிஞ்சா கர்னலையே கவுத்துடுமாம். அதான் யார்டு நிறைஞ்ச நேரமாப் பாத்து விழுந்திருக்கு. புது டிரைவர் அனுப்பினான், போட்டேன். அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் விழல.

பதினஞ்சாம் நாள் காலையில ஜி.எம். ரூம்ல மீட்டிங். நான் ரிப்போர்ட்டோட போனேன். நாலு பக்கம், அட்டை போட்டு. ஜெசிந்தாம்மா ஒரே ஒரு தாளோட வந்தாங்க. அவங்க விளக்கம்.

நான் என் ரிப்போர்ட்டைப் படிச்சேன். 'டிரைவர் கோளாறால் கர்னல் செயலிழந்தது. அதன் பதிவுகள் தானியங்கி நிரல் ஒன்றால் அகற்றப்பட்டதால் காரணம் உடனே அறியப்படவில்லை.' ஜி.எம். தலையாட்டினார். எங்கயோ புரிஞ்சும் புரியாமலும் இருந்துச்சு அவருக்கு. அப்புறம் ஜெசிந்தாம்மா தாளை வாங்கிச் சத்தமாப் படிச்சார். மூணே வரி. 'குறிப்பிட்ட ஆறு தேதிகளிலும் மின்தடை ஏற்படவில்லை. பதிவேடு இணைக்கப்பட்டுள்ளது. சர்வர் நின்றதற்கும் பதிவுகள் காணாமல் போனதற்குமான காரணத்தை சிஸ்டம் ஆபீசர் திரு. தில்லைநாயகம் அவர்களே தெரிவிப்பார்.'

அவ்வளவுதான். என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா இல்ல. 'திரு.' வேற போட்டிருக்காங்க.

ஜி.எம். என்னைப் பாத்து, "அந்தத் தானியங்கி நிரல்ங்கறது யாரோடது, தில்லை?"ன்னார்.

ஜெசிந்தாம்மா என்னைப் பாக்கக்கூட இல்ல. தட்டுல இருந்த பிஸ்கட்டை எடுத்துப் பாதியா உடைச்சுக்கிட்டிருந்தாங்க. பாத்திருந்தா நான் ஏதாவது சமாளிச்சிருப்பேன். பாக்காததுதான் கஷ்டமாப் போச்சு.

"என்னோடதுதான் சார்"னேன். "எப்பத் தெரியும்?"னார். "பதிமூணு நாளாத் தெரியும் சார்"னேன். ஏன் சொன்னேன்னு கேட்டா, ஸ்கிரிப்டோட முதல் வரியிலயே என் பேர் இருக்கு, எப்படியும் தெரிஞ்சிடும். அதனாலதான்.

அன்னைக்கே ஜெசிந்தாம்மாவோட ரெண்டு மெமோவையும் ரத்து பண்ணிட்டார். மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்துச்சு. உண்மையை மறைத்ததற்கு மூன்று நாளில் விளக்கம் அளிக்கவும். இருபத்திரண்டு வருஷத்துல முதல் மெமோ சார். அதுக்கு எப்படிப் பதில் எழுதறதுன்னுகூட எனக்குத் தெரியாது. யார்கிட்ட கேக்கறது? ஆலையில சமீபத்துல மெமோ வாங்கின அனுபவம் யாருக்கு இருக்கு?

கேட்டேன். மத்தியானம் வந்தாங்க. அதே ஸ்டூல். நான் எழுதி வெச்சிருந்ததை வாங்கிப் படிச்சாங்க.

"'தானியங்கி நிரலால் நிகழ்ந்த தவறுக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.' யாரால சார் தெரிவிக்கப்படுது?"

"என்னாலதான்."

"அப்ப 'நான்'னு போடுங்க. நிரல் எப்படி சார் வருத்தப்படும்?"

அடிச்சிட்டு 'நான்'னு போட்டேன்.

"யாருக்கு நடந்த தவறுன்னு போடலையே."

"மின் பிரிவுக்கு."

"மின் பிரிவுக்குப் பேர் இருக்குல்ல சார்."

எழுதினேன். ஜெசிந்தா மேரின்னு எழுதினேன். "இனிஷியல்?"னு கேட்டேன். பதினெட்டு வருஷம் ஒரே ஆலை சார், இனிஷியல் தெரியாது எனக்கு. "எஸ்."னாங்க. எஸ். போட்டேன். நானாத்தான் மிச்சத்தை எழுதினேன். பதிமூணு நாள் தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன்னு. அந்தப் பதிமூணு நாளும் அவங்க தினம் வந்து வாசல்ல நின்னாங்கன்னு. அது ஜி.எம்.முக்கு எதுக்கு, தேவையில்லதான். எழுத ஆரம்பிச்சா நம்ம கை நிக்காது.

முழுசாப் படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க.

"எனக்கு ஒரு காப்பி குடுங்க சார்."

"உங்களுக்கு எதுக்கும்மா? இது ஜி.எம்.முக்குப் போறது."

"இருக்கட்டும் சார்."

ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்ல, டெஸ்டருக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டாங்க. பட்டனைப் போட்டாங்க. "எழுத்து நல்லா இருக்கு சார்"னு சொல்லிட்டுச் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.

என்னது? அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனான்னா கேக்கறீங்க? இல்ல சார். அதெல்லாம் நேர்ல கேக்கல. அது ஆபீஸ் விஷயம், ஆபீஸ் பேப்பர்லயே முடிஞ்சு போச்சு.